சூடேறத் தயங்கும் எஞ்சின்



கண்டி மாநகருக்குத் தெற்கே சுவர்போல் எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் அடிவாரத்தில் ஒரு புறம் பேராதனைப் பல்கலைக்கழகம். சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள். உச்சியிலே காலை வேளைகளில் மூடுபனி. அந்தச் சரிவொன்றில் நான் குடியிருக்கின்றேன். நகரிலுள்ள அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகக் கடமையாற்றுகின்றேன். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரம். காலையிலே வழி முழுவதும் இறக்கம். மாலையிலே வழி முழுவதும் ஏற்றம்.

தமிழும் வரலாறும் கற்றுப் பட்டம் பெற்ற ஒருவன் மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. எஞ்சின் நூல்களைக் கற்று நான் பேச வரவில்லை. என் அறியாமையினால் ஓர் எஞ்சினை ஏறக்குறைய அழித்தேன். அழிவின் விளிம்பிலே நின்று சிறிது கற்றுக்கொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கின்றேன்.

எஞ்சின் கொதித்தால் நாம் எல்லோரும் அஞ்சுகின்றோம். முன்மூடியின் கீழிருந்து ஆவி எழுந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துகின்றோம். ஆனால் எஞ்சின் சூடேறாமலே இருந்தால்? அதைக் கண்டு அஞ்சுபவர் எவருமில்லை. வெப்பமானியின் ஊசி கீழே படுத்திருக்கக் கண்டால் நெஞ்சம் குளிர்கின்றது. வண்டி நலமாக இருக்கின்றது என்று எண்ணுகின்றோம். அந்த எண்ணம் பிழையானது என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

2019ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து திரும்பும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் என் வண்டி கொதித்தது. அது ஜப்பானில் செய்யப்பட்ட, அப்பொழுதே பழையதாகிவிட்ட ஒரு சிறிய கார். மறுநாள் அதனை ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த இளைஞர் எஞ்சினின் தலைப்பக்கத்தில் இருந்த ஒரு சிறு கூட்டைத் திறந்து, உள்ளிருந்து தட்டையான ஓர் உலோக உறுப்பை எடுத்து என் கையிலே தந்தார். “சேர், இது குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் வேணும். நம்ம நாட்டுக்கு எதுக்கு? இதைக் கழட்டிவிட்டா இனி எஞ்சின் கொதிக்காது” என்றார். கூலியாகச் சிறு தொகையே பெற்றுக்கொண்டார். எனக்குப் பெருமகிழ்ச்சி. அன்று முதல் ஊசி பாதியைத் தாண்டவில்லை. பல நாட்களிலே கால்பங்கைக்கூட எட்டவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த ஆண்டு, 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் இருக்கின்ற வண்டியைக் காப்பாற்றுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு யூலையிலே எரிபொருளுக்குப் பங்கீட்டு முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். வரிசையிலே மணிக்கணக்காக நின்று பெற்ற பெற்றோல் என் வண்டியிலே மட்டும் விரைவில் தீர்ந்துவிடுவதை அப்பொழுதுதான் கவனித்தேன். என்னுடையதைப் போன்றதொரு வண்டியை வைத்திருந்த உதவி ஆசிரியர் ஒருவர் அதே பெற்றோலில் எனக்கு மிகையாக ஓடினார். காலையில் வண்டி தயங்கித் தயங்கி இழுத்தது. புகைக்குழாயிலே பெற்றோல் மணம் வீசியது. ஒருநாள் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் உட்புறத்திலே மோர் திரண்டாற்போல் ஒரு வெண்படலம் ஒட்டியிருந்தது.

வேறொரு கராஜிலே அதைக் காட்டினேன். “எண்ணெயிலே தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட் காஸ்கெற் போய்விட்டது, எஞ்சினை இறக்கித் திறக்க வேண்டும்” என்று தீர்ப்புக் கூறினார்கள். அவர்கள் எழுதித் தந்த மதிப்பீட்டைப் பார்த்த இரவு நான் உறங்கவில்லை. மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த சேமிப்பிலே கைவைப்பதா, வண்டியை விற்றுவிட்டுப் பேருந்தை நம்புவதா என்று நானும் மனைவியும் விடியும்வரை பேசினோம்.

விற்பதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று, தொழிலிலே நரைத்த ஒரு முதிய மெக்கானிக் பாஸிடம் சென்றேன். அவர் முன்மூடியைத் திறக்கவில்லை. என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்.

“சேர், ரேடியேற்றர்த் தண்ணி குறையுதா?”

“இல்லை, பாஸ். மாதக்கணக்கில் ஊற்றவேயில்லை.”

“வீட்டுக்கு ஏறும்போது ஊசி எங்க நிக்குது?”

“கால்பங்குக்குச் சற்று மேலே நிற்கும்.”

அவர் சிரித்தார். “சேருடைய எஞ்சினுக்குக் காய்ச்சல் இல்லை. விறைப்பு” என்றார்.

நேயர்களே, அந்த இரண்டு கேள்விகளுக்குள் இருந்த அறிவை இனி விரித்துச் சொல்ல முயல்கின்றேன்.

எஞ்சின் என்பது நெருப்பை வேலைசெய்ய வைக்கும் ஏற்பாடு. சிலிண்டருக்குள்ளே பெற்றோலும் காற்றும் சேர்ந்து எரியும் கணத்தில் வெப்பம் 2000 பாகை செல்சியசைத் தாண்டும். அந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வலுவாகின்றது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகின்றது. எஞ்சியதை அகற்றாவிட்டால் உலோகமே உருகிவிடும். ஆகையால் சிலிண்டர்களைச் சுற்றி நீரோடும் வழிகளை அமைத்து, ஒரு பம்பினால் நீரைச் சுழலவிட்டு, முன்னாலுள்ள ரேடியேற்றரிலே காற்றினால் அதை ஆற்றுகின்றார்கள்.

ஆனால் அகற்ற வேண்டிய வெப்பத்துக்கும் ஓர் அளவுண்டு. எஞ்சின் நன்கு இயங்குவதற்கு அந்த நீர் ஏறத்தாழ 80 முதல் 95 பாகை வரை சூடாக இருக்க வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள இடைவெளி, எண்ணெயின் இளக்கம், பெற்றோலின் அளவு யாவும் அந்த வெப்பநிலையை எண்ணியே வகுக்கப்பட்டவை. நம் உடலுக்கு 37 பாகை எப்படியோ, எஞ்சினுக்கு இது அப்படி. 40 பாகை காய்ச்சலும் ஆபத்து. உடல் 33 பாகைக்கு இறங்குவதும் ஆபத்து.

அந்த அளவைக் காப்பதற்காக வைக்கப்பட்ட காவலாளியே, என் கையிலே தரப்பட்ட அந்தச் சிறிய உறுப்பு. கராஜுகளில் அதனைத் தெர்மோஸ்டற் என்பார்கள். நமது பாடநூல்கள் வெப்பநிலை நிறுத்தி என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றன.

அதன் அமைப்பு மிக எளியது. நடுவிலே ஒரு சிறு உலோகக் குப்பி, அதனுள்ளே மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு இறுகியிருக்கின்றது. ஒரு சுருள்வில் கதவை மூடி வைத்திருக்கின்றது. ரேடியேற்றருக்குப் போகும் வழி அடைபட்டிருப்பதால் நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவிலே சூடேறுகின்றது. குறித்த வெப்பம் வந்ததும் மெழுகு உருகிப் பருக்கின்றது; பருத்த மெழுகு ஒரு கம்பியைத் தள்ளுகின்றது; கதவு திறக்கின்றது. நீர் ரேடியேற்றருக்குச் சென்று ஆறித் திரும்புகின்றது. மிகையாக ஆறினால் மெழுகு சுருங்கிக் கதவு மீண்டும் ஒடுங்குகின்றது. மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. மெழுகும் வில்லும் தமக்குள் பேசிக்கொண்டு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் வெப்பத்தை ஓரளவில் நிறுத்துகின்றன.

மெழுகைக் கொண்டு இதைச் செய்யும் முறையை 1930களில் அமெரிக்காவிலே சேர்ஜியஸ் வேர்னே என்பவர் உருவாக்கினார். அதற்கு முன் எளிதில் ஆவியாகும் திரவம் நிரப்பிய சிறு துருத்திகள் இவ்வேலையைச் செய்தன. நீரே இல்லாமற் காற்றினால் குளிரும் பழைய வொக்ஸ்வாகன் வண்டியிலும் இத்தகைய ஒரு துருத்தி இருந்தது. எஞ்சின் சூடேறும்வரை அது காற்றின் வழியை ஒடுக்கி வைத்தது. ஆக, நீரால் ஆறினாலென்ன, காற்றால் ஆறினாலென்ன, இந்தக் காவலாளி வேண்டியிருக்கின்றான்.

இனி, நம்முடைய நாட்டுக்கு இது தேவையில்லை என்ற வாதத்தைப் பார்ப்போம். நமது நாடு வெப்பமான நாடு என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு வெப்பம்? கொழும்பின் கடும் வெயிலிலும் காற்று 35 பாகையைத் தாண்டுவது அரிது. எஞ்சின் வேண்டுவதோ 80க்கு மேல். 20 பாகைக் காற்று வீசும் இடத்திலும், 35 பாகைக் காற்று வீசும் இடத்திலும், ஓடும் வண்டியின் ரேடியேற்றர் நீரை 80க்குக் கீழே இறக்கிவிட வல்லது. வெயிலில் நிற்கும் நமக்கு வியர்க்கின்றது என்பதனால் எஞ்சினுக்கும் வியர்க்கும் என்று எண்ணுவது பேதைமை. ஹந்தானை, நுவரெலியா போன்ற இடங்களிலோ கேட்கவே வேண்டியதில்லை.

அதைக் கழற்றினால் கொதிக்காது என்பதும் முழு உண்மையன்று. பல எஞ்சின்களிலே ரேடியேற்றரைச் சுற்றிச் செல்லும் ஒரு குறுக்குவழி உண்டு. தெர்மோஸ்டற் திறக்கும்போது அதன் அடிப்பாகம் அந்தக் குறுக்குவழியை மூடுகின்றது. அதையே எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்பொழுதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சம தரையிலே வண்டி விறைத்திருக்கும். நீண்ட ஏற்றத்திலே கொதிக்கும். இரண்டு தீமையும் ஒருங்கே வரும்.

சரி, எஞ்சின் குளிர்ந்திருப்பதனால் என்ன கேடு? மூன்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, எரிபொருள் வீண். குளிர்ந்த எஞ்சினிலே பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை. ஆகவே மிகுதியாக ஊட்ட வேண்டியிருக்கின்றது. பழைய வண்டிகளில் சோக்கை இழுத்து நாமே அதைச் செய்தோம். இக்கால வண்டிகளில் ஓர் உணர்கருவி நீரின் வெப்பத்தை அளந்து கணினிக்குச் சொல்கின்றது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கின்றது என்று கேட்ட கணினி தாராளமாகப் பெற்றோலை ஊட்டுகின்றது. காலையில் ஐந்து நிமிடம் மட்டும் நடக்க வேண்டிய ஊட்டல் நாள் முழுவதும் நடக்கின்றது. புகையைச் சுத்திகரிக்கும் பாகமும் அதனாற் கெடுகின்றது.

இரண்டாவது, தேய்மானம். எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவுகின்றது. உலோகத்தின்மேல் உலோகம் உராய்கின்றது.

மூன்றாவது, நீர். இது பலர் அறியாதது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழேயுள்ள எண்ணெய்க்குள் கசிகின்றது. எஞ்சின் சூடாக இருந்தால் அது மீண்டும் ஆவியாகிப் போய்விடும். குளிராக இருந்தால் எண்ணெயோடு கலந்து நிற்கும். எரிவாயுக்களோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். குளிர்ந்து ஓடும் எஞ்சினில் சிலிண்டர் தேய்வதற்கு இந்த அரிப்பு ஒரு முக்கிய காரணம் என்பதை இங்கிலாந்திலே மோட்டார்ப் பொறியியலாளர்கள் 1930களிலேயே ஆய்ந்து வெளியிட்டார்கள்.

என் வண்டியின் எண்ணெய் மூடியிலே திரண்டிருந்த மோரின் மருமம் இதுவே. ஹெட் காஸ்கெற் பழுதடைந்தாலும் இத்தகைய வெண்படலம் வரும். ஆனால் அப்பொழுது ரேடியேற்றர் நீர் குறையும். எண்ணெய் அளக்கும் கம்பியிலேயே எண்ணெய் வெளுத்துக் காணப்படும். நீர் குறையாமல், கம்பியிலுள்ள எண்ணெய் தெளிவாக இருக்க, மூடியில் மட்டும் படலம் கண்டால், முதலில் ஐயுற வேண்டியது குளிரையே. முதியவரின் முதற் கேள்வி இதற்காகத்தான்.

இனி, உங்கள் வண்டி சூடேறத் தயங்குகின்றதா என்று அறியும் முறையைச் சொல்கின்றேன்.

நலமான எஞ்சின், சாதாரணமாக ஓட்டும்போது, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் தன் இயல்பான வெப்பத்தை அடையும். ஊசி நடுவுக்கு அருகே வந்து அங்கேயே நிற்கும். மலைநாட்டு நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறக்கத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். இறங்கும் வண்டிக்கு எஞ்சின் பெரிதாக உழைப்பதில்லை. எனவே நலமான எஞ்சினும் மெதுவாகவே சூடேறும். சமதரையிலோ ஏற்றத்திலோ பாருங்கள். ஏற்றத்திலும் ஊசி கீழே கிடந்தால் அது நோய். முதியவர், “வீட்டுக்கு ஏறும்போது” என்று குறிப்பாகக் கேட்டதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது. ஊசி இல்லாத புதிய வண்டிகளிலே நீல நிற விளக்கொன்று எரியும். அது நெடுநேரம் அணையாதிருப்பதும் அதே அறிகுறி. கராஜிலே கணினியைப் பொருத்திப் பார்த்தால் பி 0128 என்ற குறியீடு தோன்றலாம். தெர்மோஸ்டற் காக்க வேண்டிய அளவுக்கு நீர் சூடேறவில்லை என்பதே அதன் பொருள்.

அடுத்தது, கையினாற் செய்யும் சோதனை. இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியை இயக்குங்கள். எஞ்சினின் தலைப்பக்கத்திலிருந்து ரேடியேற்றருக்குப் போகும் பருத்த ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டற் நலமாயின் அக்குழாய் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருக்கும். பின்பு சடுதியாகச் சுடும். கதவு திறந்தது என்பதன் அடையாளம் அது. தொடக்கம் முதலே குழாய் எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், கதவு மூடவில்லை, அல்லது அங்கே கதவே இல்லை. இதைச் செய்யும்போது கவனம் தேவை. விசிறி எச்சரிக்கையின்றிச் சுழலத் தொடங்கும். சேலைத் தலைப்பு, தாவணி, கழுத்துப்பட்டி எதுவும் அருகே போகக்கூடாது. ஹைபிரிட் வண்டிகளிலே நின்றிருந்த எஞ்சின் தானே உயிர்பெறும். அவற்றை அறிந்தவரிடமே விட்டுவிடுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

எல்லாக் குற்றத்தையும் தெர்மோஸ்டற்மேல் சுமத்தவும் கூடாது. வேறு காரணங்களும் உண்டு. விசிறியின் இணைப்புப் பழுதடைந்தபோது, அதைத் திருத்தாமல், எப்பொழுதும் சுழலும்படி நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கின்றது. அப்படியானால் எஞ்சின் சூடேறாது. உணர்கருவி பழுதாகிப் பொய் சொல்லலாம். எஞ்சின் சூடாகவே இருக்க, ஊசி மட்டும் கீழே கிடக்கும். நீர் மிகக் குறைந்து உணர்கருவிக்கு எட்டாமற் போனாலும் ஊசி கீழேதான் காட்டும், அது பேராபத்து. ஆகையால் ஆறிய எஞ்சினிலே முதலில் நீரின் அளவைப் பாருங்கள், பின்பு விசிறி, பின்பு உணர்கருவி, அதன் பின்பே தெர்மோஸ்டற்.

கழற்றிய தெர்மோஸ்டற்றைச் சோதிப்பதற்கு அடுப்பும் ஒரு பழைய பாத்திரமும் போதும். அதன் உடலிலே 82 என்றோ 88 என்றோ ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது திறக்கத் தொடங்கும் வெப்பம். பாத்திரத்தில் நீர் விட்டு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் அதை நூலிலே தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். குறித்த எண்ணுக்கு அண்மையிலே கதவு அசைய வேண்டும். ஆறும்போது முற்றாக மூட வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே திறந்திருந்தால் அது பயனற்றது.

இங்கே புவியியல் ஆசிரியர் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. கடலோரத்தில் நீர் 100 பாகையிலே கொதிக்கின்றது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே 98 பாகை அளவிலேயே கொதித்துவிடும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே 94 பாகை போதும். தெர்மோஸ்டற் முழுமையாகத் திறப்பதற்குக் குறித்த எண்ணுக்கு மேலே இன்னும் 10 பாகைக்குக் குறையாத வெப்பம் தேவை. ஆகவே நுவரெலியாவில் அடுப்பில் வைத்துவிட்டு, முழுமையாகத் திறக்கவில்லை என்று நல்ல உறுப்பை எறிந்துவிடாதீர்கள். வண்டிக்குள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தில் இருப்பதால் அங்கே அது 100ஐக் கடந்தும் கொதிக்காது நிற்கும். ரேடியேற்றர் மூடியின் வேலையே அந்த அழுத்தத்தைக் காப்பதுதான்.

புதியதைப் பொருத்துவது கடினமான வேலையன்று. எனினும் ஒழுங்கு தேவை. எஞ்சின் ஆறிய பின் கூலன்றை ஒரு பாத்திரத்திலே இறக்க வேண்டும். அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு, நாயும் பூனையும் நக்கி இறந்துவிடும், நிலத்திலே சிந்தவிடக்கூடாது. கூட்டின் ஆணிகளைக் கழற்றி, பழைய காஸ்கெற்றின் எச்சத்தைக் கீறல் விழாமற் சுரண்டித் துடைக்க வேண்டும். மெழுகுக் குப்பியும் வில்லும் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் வண்டி கொதிக்கும். விளிம்பிலே ஆடும் சிறு ஊசி ஒன்று இருந்தால் அது மேற்பக்கமாக வரவேண்டும். அதன் வழியேதான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகின்றது. உங்கள் வண்டிக்கு விதித்த எண்ணையுடையதையே வாங்குங்கள். குறைந்த எண் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஆணிகளை மெதுவாக, மாறிமாறி இறுக்குங்கள். கூடு அலுமினியமாயின் எளிதில் வெடிக்கும். கூலன்றை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, ஆறிய பின் மீண்டும் அளவு பாருங்கள்.

என் வண்டிக்கு நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். முதியவர் உடனே தெர்மோஸ்டற்றைப் பொருத்திவிடவில்லை. “முதல்ல, அன்றைக்கு ஏன் கொதிச்சதுன்னு பார்ப்போம் சேர்” என்றார். ரேடியேற்றரைக் கழற்றினார். வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய என் பழக்கத்தினால், உள்ளே துருவும் சுண்ணமும் படிந்து, குழாய்களிற் பல அடைபட்டிருந்தன. 2019ஆம் ஆண்டிலே குற்றம் செய்தது அந்த அடைப்பு. தண்டனை பெற்றது தெர்மோஸ்டற். காவலாளியை வெளியேற்றியதனால் களவு நின்றுவிட்டதென்று நான் மூன்று ஆண்டுகள் மகிழ்ந்திருக்கின்றேன். ரேடியேற்றரைத் துப்புரவு செய்து, புதிய தெர்மோஸ்டற்றைப் பொருத்தி, எண்ணெயை மாற்றி, கூலன்றை நிரப்பித் தந்தார். எஞ்சினைத் திறப்பதற்குக் கேட்கப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால் நான் கொடுத்தது மிகச் சிறிது. மகளின் சேமிப்பு தப்பியது.

அன்று மாலை ஹந்தானை ஏற்றத்தில் வரும்போது ஊசி நடுவிலே வந்து அசையாமல் நின்றது. மூன்று ஆண்டுகளாக மறந்திருந்த காட்சி அது. முன்பு லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடிய வண்டி 11ஐத் தாண்டியது. ஆனால் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். குளிரிலே ஓடிய காலத்தின் தேய்மானம் தேய்மானமே. இன்று வரை என் வண்டி சிறிது எண்ணெய் குடிக்கின்றது. அது திரும்பி வராத இழப்பு. காலத்திலே அறிந்திருந்தால் அதுவும் வந்திராது.

எஞ்சினைச் சூடாக்குவதற்கென்று வாசலிலே கால்மணி நேரம் ஓடவிட்டு வைப்பதும் வேண்டாம். நின்றபடி ஓடும் எஞ்சின் மிக மெதுவாகவே சூடேறும், பெற்றோலும் வீணாகும். அரை நிமிடம் பொறுத்து, மெல்ல ஓட்டத் தொடங்குவதே நல்லது. இறக்கத்திலே எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிச் செல்வதைச் சிலர் சிக்கனம் என்று கருதுகின்றார்கள். அது சிக்கனமன்று, பிரேக்கின் துணைவலுவையும் ஸ்ரியரிங்கின் துணைவலுவையும் இழந்து பள்ளத்தை நோக்கிச் செல்வது. தாழ்ந்த கியரிலே இறங்குங்கள். இக்கால எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது தாமாகவே பெற்றோலை நிறுத்திக்கொள்ளும்.

எங்கள் மலையிலே, 1925ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. தேயிலையை உலர்த்தும் இயந்திரத்தைக் காணும்போதெல்லாம் நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுண்டு. சூடு மிகுந்தால் தேயிலை கருகும். அதை எவரும் உடனே முகர்ந்து அறிவர். சூடு குறைந்தால் மேலுக்கு உலர்ந்தாற்போல் தோன்றி, உள்ளே ஈரம் தங்கிப் பெட்டிக்குள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அதை அறியும்போது காலம் கடந்திருக்கும்.

எஞ்சினும் அப்படியே. கொதிக்கும் எஞ்சின் கூவி அழைக்கின்றது. குளிர்ந்த எஞ்சின் ஒரு சொல்லும் சொல்லாமல் தேய்கின்றது. வகுப்பறையிலும் குழப்படி செய்யும் மாணவனையே நாம் கவனிக்கின்றோம். ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து பின்தங்கிக்கொண்டிருப்பவனைக் காணத் தவறுகின்றோம். நாளை காலை வண்டியை எடுக்கும் நேயர்கள் ஒரு கணம் அந்த ஊசியைப் பாருங்கள். அது மேலே போகாதிருப்பது மட்டும் போதாது. வரவேண்டிய இடத்துக்கு வந்து நிற்கின்றதா என்றும் பாருங்கள்.